பெயரற்ற பிள்ளைக்குப் பெயர் தேடிய முதியவர்கள்

நம் கழகத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டபோது, மன்னர்களைப் பற்றியோ போர்களைப் பற்றியோ எழுத நமக்கு மனம் வரவில்லை. வரலாறு என்றால் பட்டமும் படையெடுப்பும் என்றே நம் மாணவர்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நகரத்தின் சாலையோரத்தில் ஒரு சிறு பிள்ளையின் பிணம் கிடந்ததும், அப்பிள்ளையின் பெயரை அறிய 65 ஆண்டுகள் ஆனதும், பணி ஓய்வு பெற்ற சில நண்பர்கள் அந்தத் தேடலைத் தம் முதுமையிலும் கைவிடாமல் சுமந்ததும் வரலாறுதான். அதனையே இங்கு எழுத முற்படுகிறோம். நாமும் ஓய்வு பெறும் நாளை எண்ணத் தொடங்கிவிட்ட வயதினராதலின், இம்முதியவர்கள்பால் நமக்குத் தனியொரு பற்று உண்டு என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

அந்நகரம் அமெரிக்க நாட்டின் பிலடெல்பியா. மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்னும் கொள்கையைத் தாங்கிய விடுதலைச் சாற்றுரை 1776ஆம் ஆண்டில் அங்குதான் நிறைவேற்றப்பட்டது. அந்நகரின் வடகிழக்கே ஃபாக்ஸ் சேஸ் என்றொரு பகுதி. 1957ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அங்குள்ள சஸ்குவஹன்னா சாலையை ஒட்டிய புதர்க்காட்டில் ஓர் அட்டைப்பெட்டி கிடந்தது. குழந்தைத் தொட்டில் ஒன்றை வைத்து விற்ற பெட்டி அது. அதனுள் கட்டம் போட்ட போர்வையில் சுற்றப்பட்டு, ஆடையேதுமின்றி ஓர் ஆண் பிள்ளையின் உடல் இருந்தது.

பெட்டியை முதலில் கண்டவன் காட்டு விலங்குகளுக்குப் பொறி வைத்திருந்த ஓர் இளைஞன். காவலர் வந்தால் தன் பொறிகளைப் பறித்துக்கொள்வார்கள் என்று அஞ்சி அவன் வாய் திறக்கவில்லை. சில நாள்கள் கழித்து, பிப்ரவரி 25ஆம் நாள், ஒரு கல்லூரி மாணவன் அதைக் கண்டான். அவனும் உடனே சொல்லவில்லை. ஒருநாள் தயங்கி மறுநாளே காவல்துறைக்குத் தெரிவித்தான். காவல் நிலையத்தின் படியேற அஞ்சுவது நம் நாட்டு ஏழைக்கு மட்டும் உரியதன்று போலும்!

பிணத்தை ஆய்ந்த மருத்துவர்கள், பிள்ளைக்கு நான்கிலிருந்து ஆறு வயதுக்குள் இருக்கலாம் என்றனர். எடை 30 பவுண்டுதான். அஃதாவது 14 கிலோகூட இல்லை. போதிய உணவின்றி வளர்ந்த உடல். உடலெங்கும் அடிபட்ட கன்றல்கள். தலையில் விழுந்த அடிகளே உயிரைப் போக்கின. ஆயினும் நகங்கள் ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தன. தலைமயிர் அண்மையில்தான் அவசரமாகக் கத்தரிக்கப்பட்டிருந்தது. இவ்விரண்டு செய்திகளும் ஒன்றோடொன்று பொருந்தாமல் நின்று, வழக்கை ஆய்ந்தவர்களைப் பல ஆண்டுகள் அலைக்கழித்தன.

காவல்துறை சும்மா இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காவல் பயிற்சிப் பள்ளியைச் சேர்ந்த 270 பேர் அந்தப் புதர்க்காட்டை அங்குலம் அங்குலமாகத் துழாவினர். பிள்ளையின் முகம் அச்சிட்ட 4,00,000 அறிக்கைகள் பரப்பப்பட்டன. வீடுகளுக்குச் சென்ற எரிவாயுக் கட்டணச் சீட்டோடும் அவை சென்றன. உயிரற்ற உடலுக்கு ஆடை உடுத்தி, உட்காரவைத்துப் படமெடுத்தும் வெளியிட்டார்கள். அப்படியாவது யாரேனும் அடையாளம் காண மாட்டார்களா என்னும் ஏக்கம்! தொட்டில் பெட்டி எந்தக் கடையில் விற்றது என்பதையும் கண்டறிந்தார்கள். ஆனால் அக்கடை அந்நாளில் ரொக்கத்துக்கு மட்டுமே விற்றது; வாங்கியவர் பெயர் கணக்கில் இல்லை. பக்கத்தில் கிடந்த நீலத் தொப்பியைத் தைத்து விற்ற அம்மையாரையும் கண்டுபிடித்தார்கள். அவர் தொப்பி வாங்கியவனை நினைவு கூர்ந்தார். பெயர் அவருக்கும் தெரியாது.

ஒருவரும் வரவில்லை. என் மகன் என்று சொல்லத் தாய் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று சொல்ல அயலாரும் வரவில்லை. உற்றார் இல்லாதோரைப் புதைக்கும் நகர இடுகாட்டில் அப்பிள்ளையை அடக்கம் செய்தார்கள். அந்த இடுகாட்டில் கல் நாட்டும் வழக்கம் இல்லை. வழக்கை ஆய்ந்த துப்பறிவாளர்கள் தம் கைப்பணத்தைச் சேர்த்து ஒரு கல் நாட்டினார்கள். பெயரில்லாத அந்தச் சிறுவனை இறைவன் காக்கட்டும் என்ற பொருளில் அதில் எழுதினார்கள். அத்தனை கல்லறைகளுக்கிடையே நின்ற ஒரே கல் அதுதான்.

இவ்விடத்தில் நம் சொந்த நினைவு ஒன்று குறுக்கிடுகிறது. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். நாம் எட்டாம் வகுப்பில் படித்த ஆண்டில், ஊருக்கு வெளியே வாய்க்கால் மதகில் ஒரு பிணம் ஒதுங்கியது. கழுத்தில் கயிற்றுத் தடம் இருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. மறுநாள் நாளிதழில் மூன்று வரிச் செய்தி வந்தது: அடையாளம் தெரியாத ஆண் பிணம். யாருக்கு அடையாளம் தெரியாதது? நம் தெருவில் பத்துப் பேருக்காவது அவரைத் தெரியும். தை அறுவடைக்கு ஆண்டுதோறும் வருபவர். பிள்ளைகளுக்குப் பனங்கிழங்கு கொண்டுவந்து கொடுப்பவர். கேட்க ஒருவரும் வரவில்லை. சொல்லப் போகும் துணிவு நம்மவர் எவருக்கும் இல்லை. அவர் பெயர் மாரி என்பது மட்டும் நமக்கு இன்றும் நினைவிருக்கிறது. அந்த நினைவுதான் பிலடெல்பியாப் பிள்ளையின் வரலாற்றை நம்மைத் தேடிப் படிக்கச் செய்தது.

இனி அந்த முதியவர்களைக் காண்போம். முதலாமவர் ரெமிங்டன் பிரிஸ்டோ. நகரின் பிணக்கூறு மருத்துவ அலுவலகத்தில் புலனாய்வாளராக இருந்தவர். வேலை நேரம் முடிந்த பின்னும், பின்னர் ஓய்வு பெற்ற பின்னும், அவர் இந்த வழக்கை விடவில்லை. பிள்ளையின் முகத்தை வெண்சாந்தில் அச்செடுத்து, அதனைத் தம் கைப்பெட்டியிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். 1960ஆம் ஆண்டில் குறி சொல்லும் பெண் ஒருத்தியை அவர் நாடினார். அவள் காட்டிய குறிப்புகள், பிணம் கிடந்த இடத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மைல் தொலைவிலிருந்த ஒரு வளர்ப்பு இல்லத்துக்கு அவரைக் கொண்டு சேர்த்தன. அங்கே அந்தப் பெட்டியில் விற்கப்பட்டதைப் போன்ற தொட்டிலையும், கொடியில் தொங்கிய அதே வகைப் போர்வைகளையும் கண்டதாக அவர் கூறினார். இறக்கும்வரை அந்த இல்லத்தையே ஐயுற்றார். 1993இல் காலமானார். அவர் தேடிய பெயர் வெளிப்பட மேலும் 29 ஆண்டுகள் இருந்தன.

மற்ற மூவர் சாம் வைன்ஸ்டீன், வில்லியம் கெல்லி, ஜோசப் மெக்கில்லன். வைன்ஸ்டீன் 1957இல் இளங்காவலர். பெட்டி கிடந்த இடத்துக்கு முதலில் சென்றோருள் ஒருவர். கெல்லி காவல்துறையின் கைரேகை வல்லுநர். மெக்கில்லன் பிரிஸ்டோவைப் போலவே பிணக்கூறு மருத்துவ அலுவலகத்தில் பணிபுரிந்தவர். இம்மூவரும் பணியிலிருந்து ஓய்வு பெற்றார்கள். இந்த வழக்கிலிருந்து ஓய்வு பெறவில்லை.

கெல்லியின் உழைப்பை மட்டும் சற்று விரித்துரைக்க வேண்டும். இளமையில் அவர் செய்தித்தாளில் ஒரு படம் கண்டார். 1956இல் ஹங்கேரி நாட்டுக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்த அகதிக் குடும்பங்களின் படம் அது. அதிலிருந்த ஒரு சிறுவன் இறந்த பிள்ளையைப் போலவே இருந்தான். கெல்லி குடியேற்றத் துறைக்குச் சென்று, 11,000க்கும் மேற்பட்ட கடவுச்சீட்டுப் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசியில் அந்தச் சிறுவனைக் கண்டுபிடித்தும்விட்டார். சிறுவன் உயிரோடு நலமாக விளையாடிக்கொண்டிருந்தான்! அத்தனை உழைப்பும் வீணாயிற்று என்று சிலர் சொல்லக்கூடும். நாம் அவ்வாறு எண்ணவில்லை. ஒரு பிள்ளை உயிரோடிருக்கிறான் என்று தெரிந்துகொண்டது எப்படி வீணாகும்? பொருந்தாத விடையைப் பொருந்தும்படி வளைக்காமல் அவர் கீழே வைத்தாரே, அதுதான் புலனாய்வுக்கு உரிய நேர்மை.

1990ஆம் ஆண்டில் பிலடெல்பியாவில் ஒரு சங்கம் தோன்றியது. காவல்துறையிலும் நடுவண் புலனாய்வுத் துறையிலும் சுங்கத்துறையிலும் பணியாற்றிய வில்லியம் ஃபிளெஷர், மண்டையோட்டைக்கொண்டு முகத்தை வடிக்கும் சிற்பி ஃபிராங்க் பெண்டர், சிறைத்துறை உளவியலாளர் ரிச்சர்டு வால்டர் ஆகிய மூவரும் அதனைத் தொடங்கினர். பழைய கொலை வழக்குகளை ஒன்றுகூடி ஆராய்வதே நோக்கம். சங்கத்துக்கு விடோக் என்று பெயரிட்டார்கள். விடோக் என்பவர் 1775இல் பிறந்து 1857இல் மறைந்த பிரெஞ்சுக்காரர். முதலில் குற்றவாளி, பின்னர்ப் பாரிஸ் நகரத் துப்பறியும் படையின் தலைவர். அவரது வாழ்நாளைக் கணக்கிட்டு உறுப்பினர் எண்ணிக்கை 82 என்று வரையறுத்தார்கள். ஓய்வு பெற்றவரும் பெறாதவருமாகிய துப்பறிவாளர், மருத்துவர், கைரேகை வல்லுநர் எனப் பலர் திங்கள்தோறும் நண்பகல் உணவுக்குக் கூடுவர். உணவு முடிந்ததும் ஏதேனும் ஓர் ஊரின் காவலர் எழுந்து, தம்மால் முடிக்கவியலாத கொலை வழக்கை அவர்கள் முன் வைப்பார். கட்டணம் இல்லை. பேரன் பேத்திகளோடு பொழுதுபோக்க வேண்டிய வயதில் எத்தகைய விருந்து பாருங்கள்!

அச்சங்கத்தின் விதிகளில் ஒன்று நமக்கு உடன்பாடன்று. கொலையுண்டவர் குற்றத்தொழிலில் ஈடுபட்டவராய் இருப்பின் அவ்வழக்கை அவர்கள் ஏற்பதில்லை. இறந்தவர் நல்லவரா தீயவரா என்று பார்த்த பின்னரே கொன்றவனைத் தேடுவது என்றால், அந்த நல்லவர் பட்டியலை எழுதுபவர் யார்? பட்டியலுக்கு வெளியே நிறுத்தப்பட்டே பழகிய நமக்கு இந்தக் கேள்வி தானாகவே எழுகிறது.

இதே காலத்தில் அதே நாட்டில் நடந்த வேறொன்றையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. பெட்டியில் பிள்ளை கிடைப்பதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன், 1955 ஆகஸ்டில், மிசிசிப்பி மாநிலத்தில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் கடத்திக் கொல்லப்பட்டு ஆற்றில் எறியப்பட்டான். அங்கே இறந்தவன் பெயர் தெரியும். கடத்தியவர் பெயரும் தெரியும். வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இருவரையும் விடுவித்தது. சில திங்களில் அவ்விருவரும் பணம் பெற்றுக்கொண்டு ஓர் இதழுக்குத் தம் செயலை ஒப்புக்கொண்டு பேட்டி அளித்தனர். ஒருமுறை விடுவிக்கப்பட்டவரை அதே குற்றத்துக்கு மீண்டும் விசாரிக்கச் சட்டம் இடம் தரவில்லை. பிலடெல்பியாவில் அச்சிடப்பட்ட 4,00,000 அறிக்கைகளை நாம் குறை கூறவில்லை. அவ்வெள்ளைப் பிள்ளைக்குக் கிடைத்த தேடல் இந்தக் கறுப்புப் பிள்ளைக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. கறுப்பின மக்கள் அக்கேள்வியை விடாது கேட்டார்கள். 1969ஆம் ஆண்டின் இறுதிக்குள் நடந்த இத்தகைய கொலைகளை மீண்டும் விசாரிக்க 2008இல் டில்லின் பெயராலேயே ஒரு சட்டம் பிறந்தது. அதற்கு முன்னரே, 1963இல் பர்மிங்காம் நகரத் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமியரைக் கொன்ற வழக்கில் 1977, 2001, 2002 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வொருவராக மூவர் தண்டனை பெற்றனர். ஆகவே பழைய வழக்கு என்று தள்ளிவிடுவதற்கு எதுவுமில்லை.

மீண்டும் நம் முதியவர்களிடம் வருவோம். வைன்ஸ்டீனும் கெல்லியும் மெக்கில்லனும் விடோக் சங்கத்தில் சேர்ந்து இவ்வழக்கை மேற்கொண்டனர். நகரக் காவல்துறையின் சார்பில் தாம் அகஸ்டின் என்னும் அதிகாரி அவர்களோடு இணைந்தார். 1998இல் பிரிஸ்டோ ஐயுற்ற வளர்ப்பு இல்லத்தின் தலைவரைத் தேடிப் பிடித்து விசாரித்தார்கள். அவரைக் குற்றத்தோடு பிணைக்கும் சான்று எதுவும் கிட்டவில்லை. இறந்துபோன நண்பர் வாழ்நாளெல்லாம் நம்பிய கருத்து என்பதற்காக அதனைப் பற்றிக்கொண்டிருக்கவில்லை, விட்டுவிட்டார்கள்.

அதே 1998 நவம்பரில் பிள்ளையின் உடல் தோண்டியெடுக்கப்பட்டது. ஒரு பல்லிலிருந்து மரபணு எடுக்க முயன்றார்கள். பின்பு உடலை மீண்டும் பழைய இடுகாட்டில் இடாமல், ஐவி ஹில் கல்லறைத் தோட்டத்தில் உரிய மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். சவப்பெட்டியையும் கல்லையும் அடக்கச் சடங்கையும் கட்டணமின்றி அளித்தவர், 1957இல் அப்பிள்ளையை அடக்கம் செய்தவரின் மகன். தந்தை புதைத்த பிள்ளையை மகன் மீண்டும் புதைத்தார். புதிய கல்லில் அமெரிக்காவின் அறியப்படாத பிள்ளை என்று எழுதினார்கள். நண்பர்கள் அக்கல்லறைக்குச் சென்று நிற்பதும், மலரும் பொம்மையும் வைப்பதும் வழக்கமாயிற்று.

பல்லிலிருந்து கிடைத்த மரபணு தாய்வழியை மட்டும் காட்டுவது. ஐயுறும் ஒருவரோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அது உதவும். ஒப்பிட ஆள் வேண்டுமே! 2002இல் ஒரு பெண்மணி தம் மருத்துவர் வழியாக முன்வந்தார். தம் தாய் அப்பிள்ளையை விலைக்கு வாங்கி வந்து கொடுமை செய்து கொன்றதாகக் கூறினார். கெல்லியும் மெக்கில்லனும் அகஸ்டினோடு நெடுந்தொலைவு பயணம் செய்து அவரைக் கண்டு பேசினார்கள். அவர் சொன்ன சில செய்திகள் பிணக்கூறு ஆய்வோடு பொருந்தின. நண்பர்களுக்கு நம்பிக்கை துளிர்த்தது. ஆயினும் அக்கம்பக்கத்தார் அப்படியொரு பிள்ளையை அவ்வீட்டில் கண்டதே இல்லை என்றனர். அந்தப் பெண்மணி நெடுநாள் மனநோயால் துன்புற்றவர் என்பதும் தெரிந்தது. மெய்ப்பிக்க இயலாத வாக்குமூலமாகவே அது நின்றது. பிற்காலத்தில் வெளிப்பட்ட பெயர் அவர் சொன்ன பெயரன்று.

2019 ஏப்ரலில் உடல் இரண்டாம் முறை தோண்டியெடுக்கப்பட்டது. அதற்குள் அறிவியல் ஒரு புதிய வழியைத் திறந்திருந்தது. தம் மூதாதையரை அறியும் ஆவலால் பல்லாயிரவர் தம் மரபணுவைப் பொதுத் தொகுப்புகளில் பதிவு செய்து வைக்கிறார்கள். இறந்தவரின் மரபணுவை அத்தொகுப்போடு ஒப்பிட்டால், ஒன்றுவிட்டோ இரண்டுவிட்டோ உறவினர் எவரேனும் தட்டுப்படுவர். அவர்களுடைய குடும்ப மரத்தை வேர்வரை எழுதி, மீண்டும் கிளைகள் வழியாகக் கீழிறங்கினால் உரிய வீட்டை அடையலாம். பிள்ளையின் எலும்பிலிருந்த மரபணு மிகவும் சிதைந்திருந்தமையால், அதனைப் படிக்கத்தக்க நிலைக்குக் கொண்டுவரவே இரண்டரை ஆண்டுகள் ஆயின. தாய்வழி உறவினர் கிட்டினர்; தாய் யார் என்பது தெரிந்தது. நீதிமன்ற ஆணை பெற்று அவர் ஈன்ற பிள்ளைகளின் பிறப்புப் பதிவுகளை வாங்கிப் பார்த்தார்கள். இதுவரை எவரும் அறியாத ஒரு மகனின் பிறப்புச் சான்று அங்கே இருந்தது. அதில் தந்தையின் பெயரும் இருந்தது. தந்தைவழி உறவினரின் மரபணுவும் பொருந்தியது.

ஆக, அந்தப் பெயர் 1953ஆம் ஆண்டிலிருந்தே அரசாங்கப் பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தது! ஒரு குமாஸ்தா மையால் எழுதிவைத்த ஒரு வரி, 69 ஆண்டுகள் தன்னைத் தேடி வருபவருக்காகக் காத்திருந்தது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் ஆண்டுதோறும் பெயரெழுதும் நம்மை இச்செய்தி உலுக்கிவிட்டது. சான்று ஏதுமின்றி வந்த பிள்ளைகளுக்குத் தலைமையாசிரியர் தாமாகவே ஒரு பிறந்த நாளைக் குறித்துவிடும் வழக்கம் நம் ஊர்ப் பள்ளிகளில் இருந்ததை நம் உறுப்பினர்கள் அறிவர். நம்முள் பலருக்கு ஜூன் திங்களில் பிறந்த நாள் வாய்த்த மருமம் அதுவே. அன்று சிரித்துக்கொண்டே செய்த காரியம். இன்று பேனா எடுக்கும்போது கை சற்றுத் தயங்குகிறது.

2022 டிசம்பர் 8ஆம் நாள் பிலடெல்பியாக் காவல்துறை ஆணையர் டேனியல் அவுட்லா செய்தியாளரைக் கூட்டி அறிவித்தார். பெட்டிக்குள் கிடந்த பிள்ளையின் பெயர் ஜோசப் அகஸ்டஸ் சரெல்லி. பிறந்த நாள் 1953 ஜனவரி 13. கொல்லப்பட்டபோது வயது நான்கு. பெற்றோர் இருவரும் இறந்துவிட்டனர். உடன்பிறந்தோர் சிலர் உயிரோடிருக்கின்றனர். அவர்களுடைய பெயரைக் காவல்துறை அன்று வெளியிடவில்லை, அது முறையே. பிள்ளையின் குடும்பம் மேற்குப் பிலடெல்பியாவைச் சேர்ந்தது. வேற்று நாட்டிலிருந்து கொண்டுவந்த பிள்ளையாக இருக்குமோ, விலைக்கு வாங்கிய பிள்ளையாக இருக்குமோ என்று எங்கெங்கோ தேடினார்கள். பிள்ளையோ அதே நகரத்துப் பிள்ளை. அறிக்கைகள் வீடுவீடாகச் சென்ற அதே நகரத்துப் பிள்ளை.

தேடலைத் தொடங்கியவர்களுள் பலர் அந்நாளைக் காண உயிரோடில்லை. விடோக் சங்கத்தை நிறுவிய ஃபிளெஷர் இருந்தார். 1957இல் கடைச் சுவரில் ஒட்டியிருந்த அந்த அறிக்கையைச் சிறுவனாக நின்று பார்த்தவர் அவர். இப்போது முதியவராகிப் பெயரைக் கேட்டார். தம் நண்பர்கள் செலவிட்ட ஆண்டுகளை அவர் எண்ணிப் பார்த்திருப்பார்.

கொன்றவர் யார் என்பது இன்னும் முடிவாகவில்லை. ஐயம் உண்டு, சொல்வதற்கில்லை என்று காவல்துறை அன்று கூறியது. பெயர் தெரிந்த பின்னும் கொலை வழக்கை மூடவில்லை. 2023 ஜனவரி 13ஆம் நாள், பிள்ளை உயிரோடிருந்தால் 70 வயது நிறைந்திருக்கும் நாளில், ஐவி ஹில் கல்லறைத் தோட்டத்தில் மக்கள் கூடினார்கள். கல்லை மூடியிருந்த துணி விலக்கப்பட்டது. அதில் ஜோசப்பின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது.